ரிசல்ட் வருவதற்குள்

நாகர்கோவிலில் லேப் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒருத்தி ஆரஞ்சு உரித்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ நினைவில் வந்துவிட்டாய்.

என் வீட்டுக்காரருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் கேட்கப் போயிருந்தேன். "இன்னொரு டெஸ்டுக்குத் திருவனந்தபுரம் போயிருக்கு. வந்தா நாங்களே கூப்பிடுவோம்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். முந்தின வாரமும் இதையேதான் சொல்லியிருந்தாள்.

உனக்கு மார்பில் கட்டி வந்தபோது சிநேகிதிகள் நாம் இருவரும் இப்படித்தான் காத்துக் கிடந்தோம். நீ ஆரஞ்சாக உரித்து என் கையில் வைத்துக்கொண்டே இருந்தாய். போதும் என்றேன். "தின்னு மக்கா. கையைச் சும்மா வச்சிருந்தா யாரையாவது அடிச்சிருவேன்" என்றாய். ஜெபிக்க வந்த சர்ச் அம்மா ஒருவர், "ஒண்ணும் இருக்காது, தைரியமா இரி" என்றதும் உனக்கு வந்ததே கோபம்! "ஒண்ணும் இருக்காதுன்னா டாக்டரு என்னத்துக்கு சதையை வெட்டி எடுத்தாரு?" அவர் வேதப்புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்துபோனார். நான் உன்னைக் கடிந்துகொண்டேன். "எனக்க கூட இருக்கணும்னா இரி. சமாதானம் மட்டும் சொல்லாத" என்றாய்.

அது வெறும் கட்டிதான் என்று ரிசல்ட் வந்தது. சிரித்துக்கொண்டே பஸ் ஏறினோம். அடுத்த வருஷம், எந்த டெஸ்டும் சொல்லாமல், கொடியில் துணி காயப்போடும்போது நெஞ்சு வலித்துச் சாய்ந்தாய், பிறகு எழவேயில்லை. இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்க் கேட்பது?

இவர் ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் போன் அடித்தாலே கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். எடுத்தால் லோன் வேண்டுமா என்று எவளோ கேட்பாள். இல்லையென்றால் புதுக்கடை ஊரிலிருந்து இவருடைய அக்கா. ஒரு நாள் மாதுளை கொடு என்பார், மறுநாள் மாதுளை கூடாது என்பார். கடைசியில் தவறாமல், "ஒண்ணும் ஆகாது மக்கா." நானும், "ஆமா மைனி" என்று போனை வைத்துவிட்டுப் பல்லைக் கடிப்பேன்.

இவரோ வீட்டில் வேலையாகத் தேடிப்பிடித்துச் செய்தார். கேட்டிற்குப் பெயின்ட் அடித்தார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். ரிசல்ட்டைப் பற்றிக் கேட்டால், "வரும்போது வரும்" என்பார். ஒரு காலை, மீன்குழம்புக்குத் தேங்காய் அரைக்கப் போனால் மிக்சி துண்டு துண்டாகத் தரையில் கிடக்கிறது. நடுவில் இவர், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு. அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது.

"உங்களுக்குப் பயமே இல்லியா? நான் ஒருத்திதான் செத்துச் செத்துப் பிழைக்கணுமா?"

அவர் நிமிரவில்லை. "பயமில்லாமலா இதைக் கழத்திப் போட்டிருக்கேன்? நல்லா ஓடிக்கிட்டிருந்த மிக்சிதானே இது."

ஒண்ணும் இருக்காது என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். சிதறிக் கிடந்த திருகாணிகளுக்கு நடுவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று குழம்பு வைக்கவில்லை.

நேற்று டாக்டர் சொல்லிவிட்டார். புற்றுநோய்தானாம். ஆனால் சின்னது, மெல்ல வளர்கிற ஜாதி. இப்போதைக்கு வெட்டவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். "அப்போ இனியும் காத்துத்தான் கிடக்கணுமா?" என்று நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். இவர் சிரித்துவிட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் போன். விஷயத்தைச் சொன்னேன். ஆரம்பித்தார்: "ஒண்ணும் ஆகாது மக்கா..."

"அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது மைனி" என்றேன். "ஞாயித்துக்கிழமை வந்து தம்பிகூட கொஞ்ச நேரம் இருங்க. அது போதும்."

கோபித்துக்கொள்வார் என்றே நினைத்தேன். அவரோ, சின்னக் குரலில், "சாளை மீன் வாங்கிட்டு வரட்டா? அவனுக்குப் பிடிக்கும்" என்றார். அழுகிறார் என்று தெரிந்தது.

முன்பெல்லாம் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவள் நான் என்பது உனக்குத் தெரியும். மைனியிடம் பேசிய இந்த வாய் உன்னுடையது. இனி இது எனக்கு அடிக்கடி வேண்டியிருக்கும். நான் உன்னிடம் வருகிறவரை திருப்பிக் கேட்காதே.