லாயத்துப் புத்தகத்தில் அப்பாவின் கைநாட்டு

பிரியமுள்ள அப்பாவுக்கு,

நீங்க போய் மூணு வருஷம் ஆகுது. இத்தனை நாள் எழுதத் தோணலை. எழுதினாலும் எந்த விலாசத்துக்கு அனுப்புறது? ஆனா நேத்து நடந்ததை உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியலை.

இந்தியா, இலங்கை ரெண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டதிலேருந்து நம்ம தோட்டத்து லயத்து வீடெல்லாம் இதே பேச்சுதான். யாரு இந்தியாவுக்குப் போறது, யாரு இங்க இருக்கிறது? அம்மா போயிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆசைப்பட்டு இல்லை, அலுத்துப்போய். பாஸ்போட்டுக்குப் படம் பிடிக்க நுவரெலியாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். வெளியே வந்தா மழை. பந்தயத் திடலுக்குப் பக்கத்துல பழைய குதிரை லாயத்தை மியூசியமா ஆக்கியிருக்காங்க. நனையாம இருக்கத்தான் உள்ளே போனோம்.

இந்த மலைக்குக் குதிரை வந்த கதை முழுக்க அங்க இருக்கு. கப்பல்லேருந்து இறக்குற படம், ரோடு இல்லாத காலத்துல துரைமார் ஏறி வந்த சேணம், துருப்பிடிச்ச லாடங்கள். ஒவ்வொரு பந்தயக் குதிரைக்கும் தாய் யாரு, தகப்பன் யாரு, எந்தக் கப்பல்ல வந்ததுன்னு கண்ணாடிக்குள்ள காயிதம். நான் வாசிக்க வாசிக்க அம்மா நின்னுட்டாங்க. "குதிரைக்கெல்லாம் இருக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க.

பிரஜாவுரிமை விசாரணையில உங்களைக் கேட்டது ஞாபகம் இருக்காப்பா? நடுவுல ரெண்டு வருஷம் தோட்டத்துப் பதிவுல பேர் இல்லையே, எங்க இருந்தீங்கன்னு. "துரையோட குதிரையைப் பாத்துக்கிட்டு நுவரெலியா லாயத்துல இருந்தேங்க"ன்னு சொன்னீங்க. அத்தாட்சி கேட்டாங்க. துரை அதுக்குள்ள சீமைக்குப் போயிட்டாரு. நீங்க இந்தியாவுல இருந்திருப்பீங்கன்னு எழுதி மனுவைத் தள்ளிட்டாங்க. டிக்கோயா ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் "நான் இங்கதான் இருந்தேன்"னு முனகினீங்க. தலையை ஆட்டினேனே தவிர, நானும் அதை முழுசா நம்பலை. இப்பவாச்சும் சொல்லிடுறேன்.

கடைசி அறையில ஒரு தடிச்ச புத்தகத்தை விரிச்சு வச்சிருந்தாங்க. குதிரைக்குக் கொள்ளு வாங்கினதை வாரா வாரம் பதிஞ்ச புத்தகம். வேலாயுதம், குதிரைக்காரன்னு இங்கிலீசுல உங்க பேர். பக்கத்துல கைநாட்டு, குறுக்கே ஒரு கோடு. அம்மா குனிஞ்சு பார்த்தாங்க. "தேயிலை கவ்வாத்து வெட்டுறப்ப கத்தி பட்ட தழும்பு. இது அவரு விரல்தான்."

காவலுக்கு இருந்தவர் வயசான சிங்களவர். நான் சிங்களத்துல விஷயத்தைச் சொன்னேன். சாவியை எடுத்துக் கண்ணாடியைத் திறந்து, பக்கம் பக்கமா புரட்டிக் காட்டினாரு. ரெண்டு வருஷமும் இருக்குப்பா. ஒரு வாரம்கூட விடலை. அம்மா அந்த மையில விரலை வச்சாங்க. அவர் தடுக்கலை.

அப்படியே உங்க மனுவை எழுதின வக்கீலைப் போய்ப் பார்த்தோம். "கேஸ் முடிஞ்சு போச்சும்மா. மனுசனும் இல்லை. இனி இதால என்ன ஆகப்போகுது?"ன்னாரு. கோபமா சொல்லலை. அவரும் களைச்சுத்தான் இருந்தாரு.

பஸ்ஸு தலவாக்கலையைத் தாண்டுச்சு. அம்மா மெதுவா, "இந்தியாவுக்குப் போற ஃபாரத்தை இப்ப நிரப்பாத. அவரு பொய் சொல்லலைன்னு நாலு பேருக்குச் சொல்லிட்டு அப்புறம் பாத்துக்கலாம்"ன்னாங்க.

ராத்திரி கொட்டகலை வந்து சேர்ந்ததும் எனக்கு உடம்பெல்லாம் வலி. இதால நமக்கு உரிமை கிடைக்குமா? தெரியலை. இன்னும் எத்தனை ஆபீஸ் படி ஏறணுமோ, நினைச்சாலே அசதியா இருக்கு. இருந்தாலும் நான் படிப்பிக்கிற ஸ்கூல் லீவு விட்டதும் மறுபடி போவேன். அந்த ரெண்டு வருஷத்தையும் வரி விடாம என் கையால எழுதி எடுத்து, உங்களை நம்பாத அந்த ஆபீசுக்கே அனுப்புவேன். பதில் வராட்டியும் அனுப்புவேன்.

உங்களை நம்பாம இருந்த,
உங்க மூத்த மகள்
தெய்வானை