விடுப்புக்குப் பதில் மிளகாய் மாத்திரை

அனுப்புநர்
இறால் தரம் பிரிக்கும் மேசையில் பணிபுரியும் பெண்,
மகளிர் விடுதி, இரண்டாம் மாடி,
உறைபதன ஆலை வளாகம்.
(பெயரும் அட்டை எண்ணும் தனி உறையில் உள்ளன. தங்கள் பார்வைக்கு மட்டும்.)

பெறுநர்
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: ஊர் ஏக்கத்துக்கு ஹோமியோபதி மாத்திரை தருவதைக் காரணம் காட்டி ஊர் விடுப்பு மறுக்கப்படுவது, அதே மாத்திரையைக் காட்டி மருத்துவமனைக்கு விடாததால் உடன் பணிபுரியும் பெண்ணுக்குச் செவித்திறன் குறைந்தது, மருத்துவர் நிறுத்தப்பட்டது – விசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி ஆலையில் இறாலின் தலையைக் கிள்ளி, தோலுரித்து, அளவு பார்த்துத் தட்டில் அடுக்கும் வேலை செய்கிறேன். கணவர் இறந்த பிறகு குழந்தையை என் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே வந்தேன். அப்போது என் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இடையில் ஒருமுறைகூட நான் ஊருக்குப் போகவில்லை. அவள் என் அக்காவை அம்மா என்றும், என்னை போன் அம்மா என்றும் அழைக்கிறாள். இதில் அக்காவின் குற்றம் எதுவும் இல்லை என்பதையும் இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. வேலையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கூடம் எந்நேரமும் குளிராகத்தான் இருக்கும், கையுறைக்குள் விரல் மரத்துப்போகும், குளித்த பிறகும் மீன் வாடை போகாது. அதெல்லாம் தெரிந்தேதான் வந்தோம். ஷிப்ட் முடிந்து படுத்த பிறகு வருவதைத்தான் யாரும் சொல்லி அனுப்பவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி அழுதால் காதில் விழாததுபோல் இருப்பது எங்கள் அறையில் தானாக ஏற்பட்ட மரியாதை. தூக்கமில்லாமல் வேலைக்கு வந்து, இறாலை அளவு மாற்றிப் போட ஆரம்பித்தோம். அதன் பிறகுதான் நிர்வாகம் கவனித்தது. வியாழக்கிழமைதோறும் வந்து பார்க்க ஒரு ஹோமியோபதி மருத்துவரை அமர்த்தினார்கள். அதற்காக அன்றும் இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன்.

3. அந்த டாக்டர் ஐயா சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிய சாமான் அறையில் ஒரு மேசை போட்டு உட்காருவார். என்னிடம் அவர் கேட்ட கேள்விகளை அதுவரை யாரும் கேட்டதில்லை. எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பேன், தொண்டை எரிகிறதா, கன்னம் சிவந்திருக்கும்போதே உடம்பு குளிர்கிறதா, கண்ணை மூடினால் முதலில் என்ன தெரிகிறது என்றெல்லாம் கேட்டார். கடைசிக் கேள்விக்கு, என் மகளின் பின்னந்தலையில் முடி சுழித்திருக்கும் இடம் தெரிகிறது என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, மகள் யாரிடம் வளர்கிறாள் என்று கேட்டார். பிறகு சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகளைக் கொடுத்தார். அதன் பெயர் காப்சிகம்.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்டது, சிட்டு என்று நாங்கள் அழைக்கும் என் அறைத்தோழி. வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர்.

"மிளகாய்தாம்மா. மிளகாய்னே தெரியாத அளவுக்குக் கரைச்சது" என்றார் டாக்டர்.

"கண்ணுல தண்ணி வரவைக்கிறதும் மிளகா, நிறுத்துறதும் மிளகாயா டாக்டர்? நல்லா இருக்கே கதை!" என்றாள் சிட்டு. வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். வீட்டை விட்டு வந்து ஏங்குகிறவர்களுக்கும், அந்த ஏக்கத்தால் தூங்காதவர்களுக்கும், தொண்டை எரிச்சலுக்கும், இருமும்போது வரும் காது வலிக்கும் இதைக் கொடுப்பது தங்கள் முறையில் வெகுநாள் வழக்கம் என்று விளக்கினார். "எங்க புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. ஒரு தடவை ஊருக்குப் போயிட்டு வந்தவங்க இத கேட்டு வர்றதில்லைங்கிறதையும் நான் பாத்திருக்கேன்" என்றும் சொன்னார்.

எனக்குத் தூக்கம் வந்தது. மாத்திரையால் வந்ததா, ஒரு மனிதர் என் மகளைப் பற்றிக் கேட்டதால் வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

4. எங்கள் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஊர் விடுப்பு உண்டு. வேலை அதிகம் என்று சொல்லி முன்பெல்லாம் தள்ளிப்போட்டார்கள். டாக்டர் வந்த பிறகு சாக்குத் தேடும் சிரமமும் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. மகளை முதன்முதலாகப் பள்ளியில் கொண்டுபோய் விடவேண்டும் என்று விடுப்புக் கேட்டு அலுவலகத்துக்குப் போனேன்.

"ஊர் ஞாபகம்தானே? அதுக்குத்தான் டாக்டர் வெச்சிருக்கோமே. மாத்திரை சாப்பிடுறீங்க இல்ல?" என்று கேட்டார் விடுப்புப் பார்க்கும் அதிகாரி.

"சாப்பிடுறேன் சார்."

"அப்புறம் என்ன? முதல்ல குணமாகட்டும்."

என் விண்ணப்பத்தின் மேல், சிகிச்சையில் இருப்பதால் விடுப்பு அவசியமில்லை என்று எழுதினார். எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் அதே பதில்தான். முதல் நாள் வகுப்பில் மகள் அழுதாளா என்று போனில் கேட்டேன். அழவில்லை, என் அக்காவின் சேலை முந்தானையை விட்டுவிட்டு நேராக உள்ளே போய்விட்டாள் என்று சொன்னார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இதைக் கேள்விப்பட்டு டாக்டர் மேனேஜரிடம் போய்ப் பேசினார். திரும்பி வந்தவர் முகத்தில் களையே இல்லை. "லீவு குடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லம்மா. ஆனா லீவு குடுக்காம இருக்க என் மாத்திரையக் காட்டாதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார்.

5. அடுத்து நடந்ததுதான் இம்மனுவை எழுதவைத்தது. சிட்டுவுக்கு இருமலும் இடது காதில் வலியும் வந்தன. மருத்துவமனைக்குப் போக கேட் பாஸ் கேட்டாள். விடுதி வார்டன், "காது வலிக்கும் இதேதான்னு டாக்டரே சொல்லியிருக்காரு" என்று அலமாரியில் இருந்த காப்சிகம் பாட்டிலை எடுத்து நாலு உருண்டை கொடுத்தார். இரண்டு நாளில் காதின் பின்புறம் வீங்கி, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. உடம்பு கொதித்தது. நானும் போய்க் கெஞ்சினேன். "நாளைக்கு வியாழக்கிழமை. டாக்டர் வருவாரு இல்ல" என்று பதில் வந்தது.

மறுநாள் டாக்டர் வந்து காதைப் பார்த்தார், தொட்டார். உடனே மருந்துப் பெட்டியை மூடிவிட்டார்.

"இது என் மாத்திரை கேக்குற இடமெல்லாம் தாண்டிடுச்சு. இந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஆலை வண்டி சரக்கு ஏற்றப் போயிருந்தது. வாசலில் பாஸ் இல்லாமல் விடமாட்டேன் என்றார்கள். டாக்டர் தானே ஆட்டோ பிடித்து வந்து, "என் பேர எழுதிக்குங்க. கேக்கறவங்க என்னைக் கேக்கட்டும்" என்று சொல்லி எங்கள் இருவரையும் ஏற்றினார். வழி முழுக்க சிட்டு என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் தாமதித்திருந்தால் சீழ் மூளை வரை போயிருக்கும் என்று அங்கிருந்த மருத்துவர்கள் சொன்னார்கள். உயிர் பிழைத்தாள். அந்தக் காதில் இப்போது பாதிகூடக் கேட்பதில்லை.

6. அடுத்த வியாழக்கிழமை சாமான் அறை பூட்டியிருந்தது. ஆலை விதியை மீறி ஆட்களை வெளியே அழைத்துப் போனதாகச் சொல்லி டாக்டரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பாட்டில்கள் மட்டும் வார்டனிடம் இருக்கின்றன. காலையில் சாப்பாட்டு வரிசையில் ஆளுக்கு நாலு உருண்டை உள்ளங்கையில் விழுகிறது. எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறோம் என்று கேட்க ஆள் இல்லை. அடுத்தது, அடுத்தது என்ற குரல் மட்டும் கேட்கிறது.

சிட்டுவை அவள் அம்மாவிடம் அனுப்பவும் இல்லை. லேபிள் ஒட்டும் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். "வலது பக்கமாப் படுத்தா ஒரு சத்தமும் கேக்கலக்கா. நம்ம ரூமுக்கு இது நல்ல வசதி" என்று என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். பிறகு, "எங்கம்மா ஒரு தடவை இந்தக் காதுல கைய வெச்சாப் போதும்னு இருக்கு" என்றாள்.

7. அந்த மருந்து பலிக்குமா பலிக்காதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. எங்கள் ஏக்கத்தை நோய் என்று எழுதிவைத்திருக்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. எனக்கு மகள் இருக்கிறாள், அவள் தூரத்தில் இருக்கிறாள், அதனால் நெஞ்சு அடைக்கிறது. ஒருநாள் காலையில் எழுந்து, அப்படி எதுவும் தோன்றாமல் மேசைக்குப் போய் இறால் உரிக்க ஆரம்பித்தால், நான் குணமாகிவிட்டேன் என்று ஆலை சொல்லும். அந்த நாள் வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

8. ஆகவே தாங்கள் நேரில் வந்து விசாரிக்க வேண்டுகிறேன். சிட்டுவைச் சம்பளத்துடன் உடனே அவள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒப்பந்தப்படியான ஊர் விடுப்பை மாத்திரையைக் காட்டி மறுக்கக்கூடாது என்று உத்தரவிட வேண்டும். உடம்புக்கு முடியாதவர் மருத்துவமனைக்குப் போக வார்டனின் பாஸுக்குக் காத்திருக்கும் நிலை மாற வேண்டும். டாக்டர் ஐயாவை மீண்டும் வரவழைக்க வேண்டும். மருந்து கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அவர் கேட்பதற்காகவாவது வரட்டும். விசாரணையின்போது எங்களை வார்டன் அறைக்கு அழைக்காமல் வேலை மேசைக்கே வந்து கேட்டால், பேசப் பயப்படுகிறவர்களும் பேசுவார்கள்.

எனக்கு விடுப்புக் கிடைத்தால் ஊருக்கு முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை. சாயங்காலம், பள்ளி விட்ட பிறகு போய்க் கதவைத் தட்டுவேன். என் மகள்தான் ஓடிவந்து திறப்பாள். என்னை அடையாளம் தெரியாமல், யார் வேணும் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு நேரில் பதில் சொல்ல எனக்கு வழிசெய்து தருமாறு தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
தரம் பிரிக்கும் மேசைப் பணியாளர்

சாட்சிக் கையொப்பம்: சிட்டு, லேபிள் மேசை

இடம்: மகளிர் விடுதி, இரண்டாம் மாடி
நாள்: மாதத்தின் முதல் ஞாயிறு