ஆறுக்குப் பிறகு எட்டு

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாவது தேர்வாளரின் அறிக்கை வந்துவிட்டது. ஆய்வுப் பிரிவு எழுத்தர் காலை பத்தே முக்காலுக்குத் தொலைபேசியில் சொன்னார். பதினொன்றரைக்கு நானே போய்த் தாளை வாங்கிப் படித்தேன். முதல் இருவரும் என் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாமவர் ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. நான்காம் இயலில் வரும் ஒன்பது நேர்காணல்களின் மூலக் குறிப்புகளைத் துறைக் குழு பார்த்துச் சான்று தர வேண்டும் என்கிறார். அறுபது நாள் அவகாசம்.

நியாயமான கேள்விதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன்.

குறிப்புகள் இல்லை. கிழித்துவிட்டேன்.

மார்ச் 5

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

இருபத்தேழு வருடம் நிருபர் வேலை. செய்தி அச்சாகி, மறுப்பு எதுவும் வராது என்று தெரிந்ததும், பெயர் எழுதிய பக்கங்களைக் கிழித்து வாளியில் ஊறப்போட்டுப் பிழிந்துவிடுவேன். இல்லாத தாளை யாரும் பறித்துக்கொண்டு போக முடியாது. ஆய்வின் பொருளோ, நிருபர்கள் தெரிந்தும் எழுதாமல் விட்ட செய்திகள். ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். எல்லாம் கையால் எழுதியது. ஏட்டில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. முதல் எண், இரண்டாம் எண் என்று ஒன்பது வரை. போன அக்டோபரில் ஏட்டைச் சமர்ப்பித்த மறுநாள், குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒன்பது குறிப்பேடுகளையும் கிழித்தேன். கை தானாகச் செய்தது. அன்று மதியம் நிம்மதியாகத் தூங்கியதுகூட நினைவிருக்கிறது.

ஆய்வு வழிகாட்டியிடம் சொன்னேன். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர். நாலு பேர் முன்னால் நான் அவரை மேடம் என்பேன். கதவைச் சாத்தினால் அவர் என்னை அக்கா என்பார். இன்று கதவைச் சாத்திய பிறகும் அக்கா வரவில்லை.

"வேற எந்த ஆராய்ச்சி மாணவியும் இப்படிப் பண்ண மாட்டாங்க. பண்ணணும்னு தோணவே தோணாது."

உண்மை.

துறையில் உதவிப் பேராசிரியர் இடம் ஒன்றுதான் காலி. ஜனவரியில் நடந்த தேர்வில் நான் முதலிடம். ஜூன் முப்பதுக்குள் முனைவர் பட்டம் கையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இல்லையென்றால் இரண்டாமிடத்துக்காரர். அடுத்த காலியிடம் வரும்போது எனக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும்.

மார்ச் 7

முழங்கால் வலி. துறை மூன்றாம் மாடியில். லிஃப்ட் ஆசிரியர்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. செவ்வாயும் வியாழனும் தற்காலிக ஆசிரியராக வகுப்பெடுப்பதால் ஏறலாம். இன்று வெள்ளி, நான் மாணவி.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் சொல்லிவிட்டேன். மகளும் கல்லூரியில்தான் படிக்கிறாள், இரண்டாம் வருடம். "அப்ப இந்த வருஷம் நம்ம வீட்ல அரியர் எனக்கில்ல, உனக்கா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

கணவர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். வீட்டில் அதிகம் பேசாத மனிதர்.

"உனக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கே. அதே மாதிரி நோட்டுல திரும்ப எழுதிக் குடு. பொய்யா எழுதப் போற?"

"சீட்டு தொலைஞ்சிடுச்சு, மருந்து பேரு மட்டும் ஞாபகம் இருக்குன்னு ஒருத்தர் வந்தா குடுப்பீங்களா?"

அது வேற என்றார்.

மார்ச் 11

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும்.

மேசை இழுப்பறையில் அதே வகைக் குறிப்பேடு மூன்று, வெறுமையாக இருந்தன. மதியம் வகுப்பு முடிந்து வந்ததும் ஒன்றை எடுத்தேன். நான்காம் எண் சொன்னதை எழுதத் தொடங்கினேன். எல்லாம் அவர் சொன்ன வார்த்தைகளே, ஒன்றும் கூடுதலாக இல்லை. நான்கு பக்கம் ஓடியது. நான்காம் பக்கத்தில் ஒரு வரியை வேண்டுமென்றே அடித்துத் திருத்தினேன். அசல் குறிப்பு மாதிரி இருக்கட்டும் என்று.

அந்த அடித்தலைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

கிழித்தேன். இந்த முறை கிழித்தது சரி.

மார்ச் 14

வழிகாட்டி துறைக் குழுவிடம் பேசி ஒரு வழி வாங்கி வந்திருக்கிறார். குறிப்புகளைக் கிழித்துவிட்டதாக நான் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்பது பேரும் தங்கள் பக்கங்களைப் படித்து, இது நான் சொன்னதுதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தான பக்கங்களை வைத்த உறை குழுத் தலைவரின் பூட்டிய அலமாரியில் இருக்கும், வேறு யாரும் பிரிக்கக் கூடாது. கையெழுத்து வராத பக்கம் ஏட்டில் இருக்காது.

கிளம்பும்போது, "உட்காருங்கக்கா, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

மார்ச் 29

எட்டுப் பேர் கையெழுத்து ஆயிற்று. பதினொரு பேருந்து, ஒரு ரயில். இரண்டாம் எண் வாசலிலேயே நின்று போட்டுக்கொடுத்தார். ஐந்தாம் எண் மூன்று முறை அலையவைத்தார். எட்டாம் எண் முன்பு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவர். கையெழுத்துப் போடுமுன் என் பக்கங்களில் நாலு இடத்தில் வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்தார். பேராசிரியர் ஆகப் போகிறவள் இப்படியா எழுதுவது என்று கேட்டார்.

நாளை ஏழாம் எண்.

மார்ச் 30, ஞாயிறு

ஏழாம் எண் எங்கள் பத்திரிகையின் புகைப்படக்காரர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ஃப்ளாஷ் அண்ணன். பதினைந்து வருடம் அவருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

இருபத்தோரு வருடம் முன்பு, கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் சுவர் விழுந்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். மழையில் ஊறிய சுவர் இடிந்தது என்று எழுதினேன். கட்டட நிறுவனம் சொன்னதை எழுதினேன். வேறு யாரையும் கேட்கவில்லை. அண்ணன் எடுத்த ஒரு படத்தில், சுவரைத் தாங்க வேண்டிய முட்டுக்கட்டைகள் முன்பே பிடுங்கி ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. அந்தப் படத்தை அவர் அலுவலகத்தில் தரவே இல்லை. அங்கே மேற்பார்வை பார்த்தவர் அவருடைய தங்கை கணவர். இதைப் போன வருடம்தான் என்னிடம் சொன்னார். ஏட்டில் ஆறு பக்கம். இயலே அந்த ஆறு பக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

கதவைத் திறந்தது அந்தத் தங்கை. கணவர் இறந்த பிறகு இங்கேதான் இருக்கிறாராம். டீ கொடுத்தார், எதிரில் உட்கார்ந்தார். பக்கங்கள் இருந்த உறையை நீட்டி, நீங்கள் சொன்னதுதான், கையெழுத்து வேண்டும் என்றேன். அண்ணன் உறையைத் திறக்கவே இல்லை.

"நான் அப்படி எதுவும் சொல்லலியேம்மா. நீ வேற யாரையோ நெனச்சுட்டு வந்திருக்க."

இவருக்கு இப்போதெல்லாம் மறதி என்று தங்கை சிரித்தார்.

பேருந்து நிறுத்தம்வரை கோபம். எத்தனை பேர் என்னிடம் சொல்லிவிட்டுச் சொல்லவில்லை என்றிருக்கிறார்கள்! இவருமா? ஏறி உட்கார்ந்து இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் உறைத்தது. தங்கையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் வேறென்ன சொல்வார்? முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்கே போய் நிற்பது, அதுவும் என் தொழில் பழக்கம்தான். நிருபர் புத்தி என்னை விடாது போலிருக்கிறது.

ஏப்ரல் 1

வழிகாட்டி கேட்டார்: "அவர் சொன்னது உண்மைதானேக்கா?"

"உண்மை."

"காட்ட முடியுமா?"

"முடியாது."

"எடுத்துடுங்க."

ஏப்ரல் 2

எடுத்துவிட்டேன். என் பழைய செய்தியின் தவறை மட்டுமாவது எழுதலாமா என்று பார்த்தேன். எப்படி எழுதினாலும் அந்தக் கட்டடத்தில், அந்த வீட்டில் போய் நிற்கிறது. இயல் நொண்டுகிறது. முடிவுரை முழுவதையும் மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 25

திருத்திய ஏடு சமர்ப்பித்தாயிற்று. ரசீது வாங்கினேன்.

மே 20

தகவல் இல்லை. எழுத்தருக்கு என் குரலே அலுத்துவிட்டது. பெயர் சொல்லுமுன் இல்லை என்கிறார்.

ஜூன் 12

வாய்மொழித் தேர்வு. மூன்றாவது தேர்வாளர் நேரில் வந்திருந்தார். மெல்லிய மனிதர், கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசுகிறார்.

"ஆறாம் எண்ணுக்கு அப்புறம் எட்டாம் எண் வருது. ஏழு எங்க?"

"எடுத்துட்டேன் சார். அவர் கையெழுத்து கிடைக்கல. குறிப்பும் இல்ல, நான்தான் கிழிச்சேன்."

"எண்ணையாவது மாத்திப் போட்டிருக்கலாமே. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"மாத்தினா எட்டுப் பேர்கிட்டதான் பேசினேன்னு ஆயிடும். பேசினது ஒன்பது பேர்கிட்ட."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏதோ எழுதினார். நான்காம் இயல்தான் ஏட்டில் பலவீனமான பகுதி என்று எல்லோர் முன்னும் சொன்னார். நான் மறுக்கவில்லை. பிறகு, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார்.

மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றிருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

தற்காலிகப் பட்டச் சான்றிதழ் நேற்றுக் கைக்கு வந்தது. நகலைப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தேன்.

இன்று மாலை நாலு மணிக்கு ஃப்ளாஷ் அண்ணனிடமிருந்து அழைப்பு. பின்னால் வண்டிச் சத்தம். வெளியே வந்து பேசுகிறார்.

"அன்னைக்குத் தங்கச்சி இருந்தாம்மா."

"தெரியும்ணே. நான்தான் சொல்லாம வந்துட்டேன்."

"அந்தப் பக்கம்லாம்?"

"எடுத்துட்டேன்."

"நல்லா வந்திருந்துச்சா?"

"அதுதாண்ணே நல்லா வந்திருந்துச்சு."

ஃபிலிம் இன்னும் அவரிடம் இருக்கிறதாம். "நான் உன்ன மாதிரி கிழிக்கிறவன் இல்லியே" என்றார். தங்கைக்கு அவள் புருஷனைப் பற்றி எதுவும் தெரியாது, மழை என்றுதான் இன்னும் நம்புகிறாள், ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன் என்றார். எனக்காகச் சொல்ல வேண்டாம் என்றேன். உனக்காக இல்லை என்றார். சொல்லி முடித்தால் கூப்பிடுவாராம்.

பேசியதைக் குறிப்பேட்டில் எழுதித் தேதி போட்டேன். இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

பணி ஆணை பதிவாளர் மேசையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கையெழுத்தாகும் என்பது எழுத்தர் தரும் தகவல். அண்ணனின் அழைப்பு, வந்தால், ஞாயிறு மாலை. இரண்டும் இன்னும் உறுதியாகவில்லை.