நின்றுபோகும் ஸ்விட்சும் ஜெசியின் திருமணமும்

மஸ்கட்
ஆகஸ்டு 1998

அன்புள்ள ரூபவதிக்கு,

உன் கணவன் சாமுவேல் தங்கையா எழுதுகிறேன். நம் மகள் ஜெசியின் திருமணத்திற்கு நான் வருவது பற்றித் தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம். இங்கு நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? காரியாபட்டி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதே.

நான் வேலை செய்யும் இம்மருத்துவமனையின் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியின் மென்பொருளில் ஒரு குறை கண்டேன். முறை தவறிய ஒரே ஒரு செய்தியை எவர் அனுப்பினாலும் அது செயலிழந்துவிடும். எல்லா வார்டுகளின் திரைகளும் அப்படியே நின்றுவிடும். உடன் வேலை செய்யும் நரிக்குடி அய்யப்பனுக்குச் சோதித்துக் காட்டினேன். "ஒரு தப்பான பேச்சுக்கே மயங்கி விழுதே அண்ணாச்சி, எங்க மாமியா மாதிரில்ல இருக்கு!" என்று சிரித்தார்.

திருத்திய மென்பொருள் வர இரண்டு மாதமாகும்; திருமணம் அதற்குள் முடிந்துவிடும். அதுவரை நான் உடனிருந்து கவனிக்க வேண்டும். அல்லது குறை ஏதுமில்லை என்று சான்றளித்துவிட்டு விடுப்பில் போகலாம் என்கிறார் மேலாளர்.

"கையெழுத்தப் போட்டுட்டுப் போங்கண்ணாச்சி, யாரு வேணும்னு அனுப்பப் போறா?" என்கிறார் அய்யப்பன். அனுப்ப முடியும் என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு வருத்தமோ கோபமோ தோன்றவில்லை. மதியம் வழக்கம்போல் சாப்பிட்டேன்.

எனக்கு எடுத்த பட்டு வேட்டி சட்டையை உன் அண்ணனுக்குக் கொடு. ஜெசியை ஆலயத்திற்குள் அவர் அழைத்து வரட்டும். அவருக்குத் தோள் அகலம். சட்டையை அருப்புக்கோட்டையில் பிரித்துத் தைக்கச் சொல். கோயிலில் திருமண ஓலை வாசித்துச் சபையாருக்கு அறிவித்தபோது தகப்பன் பெயரையும் சேர்த்து வாசித்தார்களா என்று எழுது.

மேலாளர் வந்துவிட்டார். அந்தச் சான்றிதழைக் கையொப்பமிடாமல் அவரிடம் இப்போதே திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.