அம்மாவின் ஸ்கேனும் மொட்டைக் கண்டக்டரும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், பேத்திக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கு யாவரும் நலம் என்று வழக்கமாக எழுதுகிற வரியை மட்டும் இந்தத் தடவை விட்டுவிடுகிறேன், செவ்வாய்க்கிழமை அம்மாவின் ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. போனில் சொல்லலாம்தான், ஆனால் இதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது, அதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அம்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள், நான் கடையில் கட்டிங் டேபிள் மேல் வைத்து எழுதுகிறேன், மூன்று பேர் தைக்கக் கொடுத்த துணியைக் கேட்டு வந்தார்கள், எல்லாரையும் நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

முதலில் கண்டக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு மருந்து ஏற்றுகிற அறையில் அடுத்த நாற்காலி அவருடையது. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், பெண்டாட்டி இல்லை, தலையில் ஒரு முடி இல்லை. அம்மாவுக்கு மார்பில் ஆரம்பித்து நுரையீரலுக்குப் போனது, அவருக்குக் குடலில் ஆரம்பித்தது, மற்றபடி இரண்டு பேருக்கும் ஒரே கட்டம்தான். நாலு மாதத்துக்கு முன்னால் போன ஸ்கேன் ரிப்போர்ட் வந்தபோது நான்தான் வாங்கிப் படித்தேன், நாற்பத்தைந்து வருஷமாக அளவு எடுத்துப் பிழைத்தவன், எண்ணைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா என்று ஒரு மிதப்பு. நுரையீரல் கட்டிக்குப் பதினேழு, பன்னிரண்டு என்று மில்லிமீட்டரில் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அறுபத்திரண்டு என்று இருந்தது. பதினேழு அகலம், பன்னிரண்டு கனம், அறுபத்திரண்டு நீளம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பழைய ரிப்போர்ட்டில் அந்த அடைப்புக்குறிக்குள் நாற்பத்தெட்டுதான், ஆகவே அகலம் குறைந்தாலும் நீளம் போட்டுவிட்டது என்று நினைத்தேன். டேப்பை எடுத்துப் பார்த்தால் இரண்டரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு சட்டைப்பையில் பாதி. அம்மா என் முகத்தைப் பார்த்தே என்னங்க என்று கேட்டாள், நானும் சொல்லித் தொலைத்தேன். இரண்டு நாள் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள், தண்ணீர் கொடுத்தால் குடித்தாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மருந்து ஏற்றப் போனபோது கண்டக்டர் அந்த ரிப்போர்ட்டை வாங்கி அரை நிமிஷம் பார்த்தார். அறுபத்திரண்டுங்கிறது படத்தோட நம்பரும்மா, அந்தப் படத்துல கட்டி தெரியுதுன்னு அர்த்தம், அளவு இருபத்தொண்ணுலேர்ந்து பதினேழாக் குறைஞ்சிருக்கு, டிக்கெட்ல இருக்கிற சீரியல் நம்பரை சார்ஜுன்னு நினைச்சு என்கிட்ட சண்டைக்கு வந்தவங்க எத்தனை பேர் தெரியுமா என்றார். அம்மா சிரித்தாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். கட்டி குறைந்திருக்கிறது, அவள் சிரிக்கிறாள், எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது, கண்ணு. பொய் சொல்லவில்லை, அப்படியே எரிந்தது.

அன்றிலிருந்து எந்த ரிப்போர்ட் வந்தாலும் அவர் கைக்குத்தான் முதலில் போகும். டாக்டர் அறைக்குள்ளும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவாள், நான் வெளியே துணிப்பைக்குக் காவல். வாய் நிறைய அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள், அண்ணா என்று கூப்பிட்டால் பொறாமை வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது. இந்த வயதில் ஒரு மொட்டைத் தலைக்காரர் மேல் பொறாமைப்பட்டு நான் தலைக்கு டை அடித்துக்கொண்டேன் என்றால் நீ நம்புவாயா. யாருக்காகங்க இந்த அலங்காரம் என்று அம்மா கேட்டாள், கல்யாண ஆர்டர்காரங்க வர்றாங்க என்று உளறினேன். அந்த மனுஷனோ என்னிடமே பேண்ட்டைக் கொண்டுவந்து இடுப்பைப் பிடிச்சுக் கொடுங்க மாஸ்டர் என்றார். முப்பத்தாறு முப்பத்துநாலு ஆனது, அப்புறம் முப்பத்தொன்று. டேப்பைச் சுற்றும்போது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவம் அடுத்த வாரம் அவர் அம்மாவிடம் குனிந்து ஏதோ சொல்லி அவள் சிரிக்கிற வரைக்கும்தான் தாக்குப்பிடித்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்தது. காய்ச்சல் வந்து மாடி வார்டில் சேர்த்திருக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னாள். எனக்கு அந்த ஒரு கணம் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, எழுதவே கை கூசுகிறது. சரி நீங்க வாங்க என்று அம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள், ஆள் வராத அன்றைக்குப் பதில் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. டாக்டரம்மாவும் எடுத்த எடுப்பில், உங்க அண்ணன் வரலையா என்றார். நான் அளவு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் சொன்னதை எல்லாம் எழுதினேன். நுரையீரலில் பதினேழு பதினொன்று ஆகியிருக்கிறது, ஒன்பதாக இருந்த சின்னது ஆறு ஆகியிருக்கிறது, ஆனால் ஈரலில் புதிதாக ஒன்று, பதின்மூன்று. நான் மனக்கணக்குப் போட்டு, மொத்தத்துல ஒன்பது குறைஞ்சு பதின்மூணு கூடியிருக்கு, அப்போ நாலுதானே டாக்டர் அதிகம் என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார், இங்க வெட்டி அங்க ஒட்டற கணக்கு இதுல இல்லைங்க, ஒரு இடம் புதுசா வந்தாலே இந்த மருந்துக்கு நோய் பழகிடுச்சுன்னுதான் எடுத்துக்கணும், மருந்தை மாத்தறோம், மூணு தடவை ஏத்திட்டு மறுபடி ஸ்கேன் பார்ப்போம், குணமாக்கறதுக்கு இல்லை, கட்டுப்படுத்தி வைக்கறதுக்கு. எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்டாள். மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துதான் சொல்ல முடியும் என்றார், மாதக் கணக்கில்தான் பேசினார், வருஷம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, அண்ணாவைப் பார்க்கணும். மாடிக்குப் போனோம், என்னை டீ வாங்கி வரச் சொன்னாள். அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று கேட்கத்தான் நான் சீக்கிரமாகவே திரும்பி வந்து திரைக்கு வெளியே நின்றேன், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஈரலில் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்டக்டர், வண்டி மாறி ஏறணும், அவ்வளவுதானேம்மா, எனக்கும் மாத்திட்டாங்க என்றார். அவர்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் மட்டும் நிறுத்தத்தில் நிற்கிறேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது, புரிந்ததும் இன்னும் எரிந்தது. பிறகு அம்மா சொன்னாள், எல்லாம் சரிண்ணா, என் பொண்ணு ஒரு தடவைகூட வரட்டுமாம்மான்னு கேக்கல, அவளுக்கு அங்க என்ன கஷ்டமோ, நானா கேக்க மாட்டேன், இவர்கிட்ட சொன்னாலும் வருத்தப்படுவாரு. டீ என் கையில் ஆறிப்போய்விட்டது.

மூன்று மாதத்துக்கு முன்னால் நீ லீவு போட்டு வரட்டுமா என்று அழுதுகொண்டே கேட்டாய். வேண்டாம், நீ வந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று அம்மா பயந்துவிடுவாள், அவளிடம் அந்தப் பேச்சையே எடுக்காதே என்று சொன்னேன். அம்மா பயப்படவே இல்லை, கண்ணு. பயந்தது நான். நீ வந்தால் நீங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவீர்கள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். கண்டக்டரோடு பங்கு போட்டதே போதும், மிச்சம் இருக்கிற நாளை உன்னோடும் பங்கு போட எனக்கு மனம் வரவில்லை. உன்னிடம் பொய் சொன்னதோடு அவளையும் மூன்று மாதம் உனக்காக ஏங்க வைத்துவிட்டேன்.

கூரியரில் இதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அம்மா எழுந்ததும் சொல்லிவிடப் போகிறேன். திட்டுவாள், திட்டட்டும். நேரே மாடி வார்டுக்குப் போய் அண்ணாவிடம் என்னைப் பற்றிக் கோள் சொல்ல வேண்டும் என்பாள், நானே ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன். நீ கிளம்பி வா. மாப்பிள்ளையிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல், பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. வருவதற்குள் தடுமன் இருமல் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள், அம்மாவுக்கு எதுவும் சீக்கிரம் தொற்றிக்கொள்கிறது. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். வந்ததும் அம்மாவோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள், நான் கூப்பிட்டாலும் திறக்காதே.

இப்படிக்கு,
உன்மேலும் பொறாமைப்பட்ட
அப்பா