பொட்டு வைத்த சக்கரங்கள்

கணபதி, கோவை
ஞாயிறு

அன்புள்ள நந்திதா கண்ணுவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்காலும் இந்த வாரம் சுகம். ஹெல்சிங்கிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லியிருப்பேன். பேச்சு நடுவிலேயே உன் அப்பா போனை வாங்கி, எல்லாம் ஜோரா ஓடுது கண்ணு என்று வைத்துவிடுகிறார். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

ஆயுத பூஜைக்கு வந்தபோது பட்டறையில் ஒரு கேமராவும் அதற்குள் நியூரல் நெட்வொர்க் என்று ஒரு மூளையும் வைத்துவிட்டுப் போனாயே, பம்புக்குள் சுற்றும் சக்கரத்தைப் பார்த்து நல்லதா விரிசலா என்று சொல்ல, அதைப் பற்றித்தான். வெளிச்சம் மாறினாலும் தூசி படிந்தாலும் ஏமாறாத நியூரல் நெட்வொர்க், அப்பா பட்டறையில் ஒரு தப்பும் செய்யவில்லை என்று வியாழக்கிழமை அங்கே மாநாட்டில் மேடையேறிச் சொல்லப்போகிறாயாமே. சொல்லாதே. போன வாரம் பூஜை அறையில் குங்குமச் சிமிழ் காலி. புதிதாக வாங்கி வைத்தேன், அதுவும் காலி. பட்டறைக்குப் போய்ப் பார்த்தால், அப்பா ஒவ்வொரு சக்கரத்தையும் வெயிலில் திருப்பிப் பார்த்து, தட்டிக் கேட்டு, நல்லதென்றால் ஒரு பொட்டு வைத்து கேமராவுக்கு அடியில் வைக்கிறார். பச்சை விளக்கு. விரிசலுக்குப் பொட்டு இல்லை. சிவப்பு விளக்கு. ஏனுங்க இது என்றேன். பொட்டில்லாட்டி நல்லதையும் கழிச்சுப்போடுது அம்மணி, புள்ள அத்தனை படிச்சு செஞ்சது, எப்படிச் சொல்றது என்கிறார். ஆக, தப்பே செய்யாதது உன் அப்பாவின் கண். கேமரா அதற்கு ஆமாம் போட்டிருக்கிறது.

யோசித்துப் பார். நீ படம் எடுத்துக் கற்றுக்கொடுத்தது பூஜையன்று. நல்ல சக்கரங்கள் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக, கழித்தவை மூலையில். கழித்ததற்கு நம் ஊரில் யார் பொட்டு வைப்பார்கள்? உன் நெட்வொர்க் விரிசலைப் படிக்கவே இல்லை, பொட்டைப் படித்திருக்கிறது. நானும் சோதித்தேன். டிபன் பாக்ஸ் மூடிக்குப் பொட்டு வைத்தேன், பச்சை. அப்பா குனிந்து பார்த்தார், பச்சை, ரொம்பப் பெருமை. முகத்தைக் கழுவிட்டு வாங்க என்றேன். சிவப்பு. அன்று முழுக்கப் பேசவில்லை, கேமராவோடு.

நல்லதைப் பொட்டில்லாமலும் விரிசலைப் பொட்டோடும் காட்டினால் திருந்தும் என்று எனக்குத் தோன்றியது. உடைஞ்சதுக்குப் பொட்டா, விளங்குமா என்று அப்பா விடவில்லை. நேற்று அவர் அவிநாசி கோயிலுக்குக் கிளம்பியதும் நல்லவற்றைப் பொட்டில்லாமல் படம் எடுத்துவிட்டு, மூலையில் கிடந்தவற்றைத் துடைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துப் படம் எடுத்தேன். பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று இருந்தேன். கடைசிச் சக்கரத்தை அவரே எடுத்து, துண்டால் துடைத்து, பொட்டு வைத்தார். இதும் நம்ம பட்டறையில பொறந்ததுதானே என்றார். புள்ளைக்கு அனுப்பட்டுமா என்றேன். தலையாட்டினார். அப்பன் பொய் சொன்னான்னு மட்டும் எழுதிப்போடாதே என்றார். சரி என்றேன்.

படங்கள் தனியாக வருகின்றன. மறுபடியும் கற்றுக்கொடு. மேடையில் இந்தத் தப்பை நீயே முதலில் சொல்லிவிடு. யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது கௌரவம், சிரித்தால் நீயும் சிரி. எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு, நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. வியாழக்கிழமை மறக்காமல் பொட்டு வைத்துக்கொண்டு போ. அங்கே யாருடைய கேமரா எதைப் படித்திருக்கிறதோ.

உன் அம்மா,
கலாமணி