மன்னர்களைப் பற்றி நாலு பக்கம்

கரம்பொன், செவ்வாய்க்கிழமை

கல்யாணத்தோடு படிப்பை விட்ட நான், நாற்பத்திரண்டு வயதில் இன்று பள்ளி உயர்தர வகுப்புக்கான ஐரோப்பிய வரலாற்றுப் பரீட்சை எழுதினேன். வாசலில் மேற்பார்வையாளர், "பிள்ளையை விட வந்தனீங்களோ அக்கா?" என்றார்.

"இல்லை, எழுத வந்தனான்."

பிரெஞ்சு மன்னர்கள் முழு அதிகாரத்தையும் எப்படித் தம் கைக்குள் கொண்டுவந்தார்கள் என்ற வினா வந்தது. நிலையான படை, வரி அதிகாரிகள், பிரபுக்களை அரண்மனையிலேயே தங்கவைத்த தந்திரம் என்று நாலு பக்கம் எழுதினேன். இன்னொரு வினாதான் கொஞ்சம்... சரி, போகட்டும்.

கடலுக்குப் போகும் என் கணவர், "உந்த ராசாக்கள் உமக்கு என்னத்துக்கு?" என்று முன்பு கேட்டவர். இன்று தானே குழம்பு வைத்துத் தந்துவிட்டு, "பிரபுக்கள் சும்மா விட்டவையோ?" என்றார்.

"இல்லை. அவையை அரண்மனையில தங்கவைச்ச ராசா சின்னனாய் இருக்கேக்க எதிர்த்தவை. அவர் பாரிசை விட்டே ஓடினவர். அதைச் சாகுமட்டும் மறக்கேல்லை."

அவர் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தைத் திறக்காமலே சொன்னேன்.